தோன்றாத் துணை: தேவாரம் ஓதத் தொடங்குகிறவர்களுக்கு

கடலூருக்குள் இருக்கிற திருப்பாதிரிப்புலியூரில் சுவாமிக்குப் பாடலீசுவரர் என்று பெயர். இன்னொரு பெயரும் உண்டு: தோன்றாத்துணைநாதர். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், அதாவது அப்பர், கரையேறிய ஊர் அது. அவர் கரை சேர்ந்த இடத்தை இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் சொல்கிறார்கள். கரைக்கு வந்து இந்தக் கோயிலில் பாடிய பதிகத்தில்தான் 'தோன்றாத் துணையாய் இருந்தனன்' என்கிறார் அப்பர். கூடவே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

என் தங்கை மகன் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனபோது, "மாமா, தினமும் ஏதாவது சொல்லணும்போல இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவார் இல்லை, பண் என்கிற பழைய ராகங்களை ஆராய்ந்தவனும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாகக் காலையில் உட்கார்ந்து ஓதுகிறவன், அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'இந்தப் பதிகத்தை 48 நாள் பாடினால் வேலை, இதைப் பாடினால் கல்யாணம், இதற்கு வீடு' என்று பட்டியல் போட்டு நிறையப் படங்கள் சுற்றுகின்றன. பதிகங்களின் கடைசிப் பாட்டில் பலன் சொல்லியிருப்பது உண்மைதான். சம்பந்தர் அநேகமாக எல்லாப் பதிகத்தையும் அப்படித்தான் முடிக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தால், 49ஆம் நாள் வேலை வராதபோது புத்தகத்தை மூடிப் பரணில் போட்டுவிடுவார். அப்படி மூடியவர்களை எனக்குத் தெரியும்.

நானே கிட்டத்தட்ட மூடியவன். அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, இரவு இரண்டு மணிக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து 'சொற்றுணை வேதியன்' சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் வரிகள் மாறிப் போயின. கடைசியில் 'நற்றுணையாவது, நற்றுணையாவது' என்று அந்த ஒரு சொல்தான் வாயில் மிச்சம். ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். மூன்று மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. திரும்ப எடுத்தபோது அதில் வேறு ஒன்று கண்ணில் பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே ஒரு பாட்டு

தேவாரம் என்பது சைவப் பாடல்களின் தொகுப்பான பன்னிரு திருமுறைகளில் முதல் ஏழு. 1 முதல் 3 வரை சம்பந்தர், 4 முதல் 6 வரை அப்பர், 7 சுந்தரர். ஏறத்தாழ 800 பதிகங்கள். பதிகத்துக்குப் பத்துப் பதினோரு பாட்டு. இதை முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம் என்று உட்கார்ந்தால் இரண்டாம் வாரம் மூச்சு முட்டும். இது நம் காலத்துச் சோம்பேறித்தனம் அல்ல. தேவாரம் முழுவதையும் தினமும் ஓத ஆசைப்பட்ட சிவாலய முனிவருக்கு அகத்தியர் 25 பதிகங்களை மட்டும் எடுத்துக் கொடுத்தார் என்று ஒரு வரலாறு சொல்வார்கள். 'அகத்தியர் தேவாரத் திரட்டு' என்று அது தனி நூலாகவே கிடைக்கிறது. முனிவருக்கே 25 போதும் என்றால் நமக்கு?

முதல் மாதத்துக்கு ஒரே ஒரு பாட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பதிகம்கூட வேண்டாம், நான்கு அடி. நான் எல்லோருக்கும் சொல்வது நான்காம் திருமுறையில் வரும் நமச்சிவாயப் பதிகத்தின் முதல் பாட்டு:

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே

கடலில் தள்ளப்பட்டபோது அப்பர் பாடியது என்று பெரியபுராணம் சொல்லும் பாட்டு இது. ஒவ்வோர் அடியின் முதல் சொல்லிலும் 'துணை' வருவதைக் கவனியுங்கள். ஆனால் நாலும் ஒரே துணை இல்லை. சொற்றுணை என்றால் சொல்லுக்குத் துணை. பொற்றுணையில் துணை என்பது இணை, அதாவது இரண்டு திருவடி. கற்றுணையைக் கல்தூண் என்று கொள்பவர்கள் உண்டு. கல்லைத் துணையாகக் கட்டி என்றும் பொருள் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கடலுக்குள் அவரோடு கூடப் போனது கல். அதையும் துணை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த அடியில் 'நல்ல துணை எது தெரியுமா' என்கிறார். நம்மை அமுக்குகிற கல்லும் கூடவேதான் இருக்கும். அது கழன்று விழுந்த பிறகுதான் துணை வரும் என்று பாட்டில் எங்கேயும் இல்லை.

பிரித்துப் படிப்பது

புதியவர்களை விரட்டுவது பக்திக் குறைவு அல்ல, அச்சு. பழைய பதிப்புகளில் சொல்லைப் பார்க்காமல் ஓசைக்கு ஏற்றபடி சீர் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். 'என்னி லாரு மெனக்கினி யாரில்லை' என்று பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். அதையே 'என்னில் யாரும் எனக்கு இனியார் இல்லை' என்று பிரித்துப் போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

அதனால் வாங்கும்போதே சந்தி பிரித்த பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் தருமபுரம் ஆதீனத்தின் தேவாரம் இணையதளத்தில் மூலமும் உரையும் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு நோட்டில் பாட்டை முதலில் அச்சில் உள்ளபடியே கையால் எழுதுங்கள். கீழே பிரித்து எழுதுங்கள். அதற்கும் கீழே உங்கள் சொந்தப் பேச்சில் ஒரு வரி. மூன்றாவது வரி இலக்கணமாக இருக்க வேண்டியதில்லை. தங்கை மகன் 'கற்றுணை'க்கு நேராக 'வீட்டு லோன்' என்று எழுதி வைத்திருந்தான். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

வாயால் சொல்லுங்கள்

தேவாரம் கண்ணால் படிப்பதற்கு இல்லை, ஓதுவதற்கு. உதடு அசைய வேண்டும், நம் காதுக்கு நம் குரல் கேட்க வேண்டும். பல்லைத் துலக்கி, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, வீட்டில் விளக்கு இருக்கிற இடத்தில் உட்காருங்கள். குளித்துவிட்டு உட்கார்ந்தால் நல்லது. குளிக்க நேரமில்லாத நாளில் குளிக்கவில்லை என்பதற்காக ஓதாமல் இருக்காதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 'திருச்சிற்றம்பலம்' சொல்வது மரபு. அது தில்லையில், அதாவது சிதம்பரத்தில், நடராசர் ஆடும் அம்பலத்தின் பெயர். ஊரில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு நிமிடம் அங்கே போய் நிற்பதாக நான் வைத்துக்கொள்கிறேன்.

பண் வருமோ என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பதிகத்துக்கும் பண் உண்டு. சொற்றுணைக்குக் காந்தார பஞ்சமம், இன்றைய கேதாரகௌளை. 'கூற்றாயினவாறு' பதிகத்துக்குக் கொல்லி, இன்று நவரோஸ். ஆனால் நம் வேலை முதலில் கேட்பது. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்கள் பாடிய பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. ஒரே பாட்டை ஒரே ஓதுவார் குரலில் ஒரு வாரம் கேளுங்கள். காய்கறி நறுக்கும்போதும் கேட்கலாம். எட்டாம் நாள் அவரோடு சேர்ந்து சொல்லிப் பாருங்கள். பாடத் தெரியாதவர்கள் நிறுத்தி நிறுத்திப் படித்தால் போதும்; என் குரலைக் கேட்டால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும், இருந்தும் ஓதுகிறேன்.

பத்து நிமிடத்துக்கு மேல் ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருநாள் விட்டுப் போனால் மறுநாள் இரண்டு தடவை சொல்லி ஈடுகட்டவும் வேண்டாம். இது வட்டிக் கணக்கு அல்ல.

மூச்சோடு சேர்ப்பது

இரண்டாம் மாதம் அந்த 'என்னில் யாரும்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள இன்னம்பரில் அப்பர் பாடியது, ஐந்தாம் திருமுறை. பிரித்த வடிவம் இது:

என்னில் யாரும் எனக்கு இனியார் இல்லை
என்னிலும் இனியான் ஒருவன் உளன்
என் உளே உயிர்ப்பாய்ப் புறம் போந்து புக்கு
என் உளே நிற்கும் இன்னம்பர் ஈசனே

என்னைவிட எனக்குப் பிரியமானவர் எவரும் இல்லை என்று முதல் அடியில் உண்மையைப் போட்டு உடைக்கிறார். நமக்கு நம்மேல்தான் ஆசை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம், என்னைவிடவும் எனக்கு இனியவன் ஒருவன் இருக்கிறான் என்கிறார். எங்கே? மூச்சாக வெளியே போய், உள்ளே வந்து, எனக்குள்ளேயே நிற்கிறான்.

கடவுள் எப்போதும் கூட இருக்கிறார் என்று சொல்வது எளிது, எப்படி என்று கேட்டால் திணறுவோம். அப்பர் கைக்கு எட்டுகிற ஒரு பதிலைக் கொடுக்கிறார். அதை அப்படியே பழகலாம். மூச்சு வெளியே போகும்போது மனசுக்குள் 'புறம் போந்து', உள்ளே வரும்போது 'புக்கு', ஒரு கணம் 'என் உளே நிற்கும்'. இது பிராணாயாமம் அல்ல. மூச்சை இழுக்கவோ பிடிக்கவோ வேண்டாம். அது பாட்டுக்குப் போய் வருவதைப் பார்த்தால் போதும். சிக்னலில் நிற்கும்போது மூன்று மூச்சு, லிஃப்டில் இரண்டு, மேலாளர் அறைக்குள் போவதற்கு முன் ஒன்று. உட்கார்ந்து ஓதுகிற பத்து நிமிடத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது.

நல்ல நாளில்

கஷ்டத்தில் யாரும் சொல்லாமலே பதிகம் வாய்க்கு வரும். மறப்பது சம்பளம் ஏறிய நாளில்தான், பிள்ளை பிறந்த வாரத்தில்தான். அதனால் நல்ல நாளுக்கென்று ஒரு பாட்டைத் தனியாகப் பழகிவையுங்கள்.

என் தேர்வு திருவையாற்றுப் பதிகம், 'மாதர்ப் பிறைக்கண்ணியானை'. கயிலையைப் பார்த்தே தீருவேன் என்று வயதான காலத்தில் கிளம்பினார் அப்பர். கால் தேய்ந்தது, கை தேய்ந்தது, தவழ்ந்தார், உருண்டார். அப்போது ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லி அசரீரி கேட்டது. மூழ்கி எழுந்த இடம் கயிலை இல்லை, திருவையாறு. காவிரிக்கரை ஊர். அங்கே அவர் பார்த்தது பிடியோடு வரும் களிறு, சேவலும் பேடுமாகப் பறவைகள், இப்படி இணை இணையாக எல்லா உயிர்களும். அதைப் பார்த்துத்தான் 'கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்' என்கிறார்.

இந்தப் பதிகத்தைப் பழகும் வழி: ஒரு அடி சொல்லுங்கள், அன்றைக்குப் பார்த்த ஒன்றை அதன் பக்கத்தில் வையுங்கள். மொட்டை மாடியில் இரண்டு மைனா. பேருந்தில் தாத்தாவின் சட்டையைச் சரிசெய்த பாட்டி. 'கண்டேன்' என்ற சொல்லுக்குக் கீழே அதையும் சேர்த்துக்கொள்ளலாம். தலம் சுற்றப் போக முடியாதவர்களுக்கு இது ரொம்பவே உதவும்.

சம்பந்தரின் 'மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம்' பதிகமும் சந்தோஷமான நாளுக்கு உரியது. கல்யாண வீடுகளில் பாடுவார்கள். அது தெரிந்ததுதான், அதனால் விட்டுவிடுகிறேன்.

பயம், நோய், பணம்

பயத்துக்குக் கோளறு பதிகம், 'வேயுறு தோளிபங்கன்'. பெரும்பாலும் இதை நவக்கிரகப் பரிகாரமாக மட்டும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கதையைப் பாருங்கள். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசி அழைத்து, சம்பந்தர் வேதாரணியத்திலிருந்து மதுரைக்குக் கிளம்புகிறார். பெரியவர் அப்பர், கோள்நிலை சரியில்லை, போக வேண்டாம் என்று தடுக்கிறார். அதற்குப் பதிலாகச் சம்பந்தர் பாடியது இது. கோளின் நிலை மாறட்டும், அப்புறம் போகலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இறைவன் 'என் உளமே புகுந்த அதனால்' எல்லாக் கோளும் நல்ல நல்ல என்று சொல்லிவிட்டு, அதே கோள்நிலையில் கிளம்பிப் போனார். ஆகவே பயமான ஒரு காரியத்துக்கு முன்னால் ஓதிவிட்டுக் காரியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

நோய்க்கு 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்'. தருமசேனர் என்ற பெயரோடு சமணராக இருந்த அப்பர், சூலைநோய் என்கிற வயிற்றுவலி தாங்காமல் இரவோடு இரவாக அக்காவிடம் வருகிறார். திலகவதியார் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அங்கே வந்த முதல் பாட்டு துதி அல்ல, முறையீடு. எமனைப் போல வந்திருக்கிற இதை விலக்க மாட்டேன் என்கிறீரே என்கிறார். குடலைச் சுருட்டி முடக்குகிறது என்று வலியை உடம்புக்குள் இடம் காட்டிச் சொல்கிறார். 'ஆற்றேன் அடியேன்', அதாவது தாங்க முடியவில்லை. வலியில் இருக்கும்போது 'எல்லாம் அவன் செயல்' என்று சிரித்த முகம் வைக்கத் தேவையில்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தப் பதிகம். மருத்துவரிடம் போவதும் மாத்திரை சாப்பிடுவதும் நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டு ஓதுங்கள்.

பணமுடைக்குச் சம்பந்தரின் திருவாவடுதுறைப் பதிகம், 'இடரினும் தளரினும்'. தந்தை வேள்வி செய்யப் பொன் கேட்டார். பிள்ளை கையில் ஒன்றுமில்லை. நேரே போய்க் கேட்டார். 'இதுவோ எமை ஆளுமாறு' என்று உரிமையோடு கேட்கிறார். கேட்பதில் கூச்சப்பட வேண்டாம் என்பதற்கு மேல் இதில் நான் விளக்க எதுவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சம்பந்தர் பதிகங்களில் பத்தாவது பாட்டில் பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் கடுமையாகப் பேசியிருப்பார். புதிதாகப் படிப்பவர் திடுக்கிடுவார். அது அந்தக் காலத்துச் சமயப் போட்டியின் தழும்பு. நான் அந்தப் பாட்டையும் விடாமல் ஓதுகிறேன், ஆனால் இன்று பக்கத்து வீட்டில் இருக்கிறவர்மேல் அதைத் திருப்புவதில்லை. ஓத மனம் வராவிட்டால் தாண்டிப் போங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

கோபம் வந்தால்

இதற்கு ஆள் சுந்தரர்தான். பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தார் சுந்தரர். திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. தடுமாறிக்கொண்டே திருவெண்பாக்கம் கோயிலுக்கு வந்து, 'கோயில் உளாயே', சுவாமி உள்ளே இருக்கிறாயா என்று கேட்டார். உள்ளேயிருந்து பதில் வந்தது: 'உளோம் போகீர்'. இருக்கிறோம், நீர் போம்.

கண் வரவில்லை. ஊன்றிக்கொள்ள ஒரு கோல்தான் கிடைத்தது. அதனால் அங்கே சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்று பெயர். பழைய கோயில் இருந்த இடம் 1940களில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை எடுத்து வந்து பூண்டியில் கட்டியிருக்கிறார்கள். திருவள்ளூரிலிருந்து போகலாம்.

அப்பா போன பிறகு இந்தப் பதிகத்தைத் தற்செயலாகத் திறந்தேன். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் 'உளோம் போகீர் என்றானே' என்றே முடிகிறது. நியாயமாகப் பார்த்தால் எரிச்சல் வரவேண்டிய பதில். குருடனாக வந்து நிற்கிற தோழனிடம் சொல்கிற வார்த்தையா இது? சுந்தரருக்கும் எரிச்சல்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வியும் இருக்கிறாயா என்பதுதான், கண் எங்கே என்பதல்ல. கேட்டதற்குப் பதில் வந்தது, கையில் கோலும் வந்தது, வழி இன்னும் மிச்சம் இருந்தது. நடந்தார். காஞ்சிபுரத்தில் இடக்கண் கிடைத்தது. மருத்துவமனை நடையில் நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு கேள்வி. அதற்கான பதில் எனக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. சுந்தரர் கேட்ட கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

மீதிக் கண்ணுக்காகத் திருவாரூரில் நின்று அவர் பாடியது 'மீளா அடிமை'. ஏழாம் திருமுறை, 95ஆம் பதிகம். செந்துருத்திப் பண்ணில் தேவாரத்திலேயே இது ஒன்றுதான். உமக்கே அடிமையாகி வேறு யாரையும் வேண்டாதவர்கள், உள்ளே கனன்று, முகம் வாடி, தங்கள் துன்பத்தைச் சொன்னால் நீர் சும்மா இருக்கிறீர், 'வாழ்ந்து போதீரே'. நம் வீட்டில் கோபித்துக்கொண்டு 'நல்லா இருங்க சாமி' என்று சொல்லிவிட்டு எழுந்து போவோமே, அதே தொனி. வலக்கண் இந்தப் பாட்டுக்குத்தான் கிடைத்தது என்கிறது பெரியபுராணம்.

கோபமான நாளில் ஓதுகிற முறை: மெல்ல ஓதாதீர்கள், குரலை உயர்த்துங்கள். 'வாழ்ந்து போதீரே' என்ற இடத்தில் சத்தமாகவே சொல்லுங்கள். பேச்சு நின்று போவதைவிடச் சண்டை போடுவது மேல்; புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்வதுதான், இங்கேயும் பொருந்துகிறது.

துக்க வீட்டில்

இதில் நான் யோசனை சொல்லத் தகுதியானவன் இல்லை. ஒரு வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இறுதிச் சடங்கின்போது உரலில் சுண்ணப் பொடி இடித்தபடி திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். அது ஒப்பாரி இல்லை. சுவாமி திருமஞ்சனம் ஆடப் பொற்சுண்ணம் இடிக்கிற பெண்களின் பாட்டு. முத்துமாலை தூக்கி, பூமாலை தூக்கி என்று தொடங்குகிற விழாப் பாட்டு. அதைச் சாவு வீட்டில் பாட எவருக்குத் தோன்றியதோ, அந்த மனசை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது ஏன் அழுகிறேன் என்று தெரியாமல் அழுதேன்.

துக்கம் நடந்த வீட்டுக்குப் போகிறவர்கள் பதிகப் புத்தகத்தைக் கையில் திணிக்காதீர்கள். அவர்கள் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஓதுங்கள், அவர்கள் கேட்கட்டும்.

தனியாக வேண்டாம்

ஆறு மாதம் ஆனதும் கூட்டத்தோடு சேருங்கள். ஓதுவார் இருக்கிற கோயிலில் பூசை முடிந்ததும் பஞ்சபுராணம் பாடுவார்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு. இலங்கைச் சைவக் கோயில்களில் அடியார்களே, சின்னப் பிள்ளைகளும்கூட, பாடுவதுண்டு. தமிழ்நாட்டில் பல கோயில்களில் தீபாராதனை முடிந்த கையோடு கூட்டம் கலைந்துவிடும். ஓதுவார் தூணுக்குப் பாடிக்கொண்டிருப்பார். நீங்கள் ஒருவர் நின்று கேளுங்கள். முடிந்ததும் உங்களுக்குச் சந்தேகமான ஒரு சொல்லைக் கேளுங்கள். சலித்துக்கொண்ட ஓதுவார் ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. குருபூசை நாட்களையும் குறித்துவையுங்கள்: அப்பருக்குச் சித்திரைச் சதயம், சம்பந்தருக்கு வைகாசி மூலம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி. அன்றைக்குப் பெரும்பாலான சிவன் கோயில்களில் ஓதுவோர் கூடுவார்கள்.

சில மாதங்கள் எதுவுமே வாயில் வராது. பாட்டு காகிதத்தில் இருக்கும், நாம் வேறெங்கோ இருப்போம். அந்த நேரத்துக்குத் திலகவதியாரைப் பாருங்கள். தாய் தந்தை போனார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். வளர்த்த தம்பியும் வேறு சமயத்துக்குப் போய்விட்டான். அவர் பாடிய பாட்டு என்று ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. திருவதிகைக் கோயிலைப் பெருக்கினார், மெழுகினார், பூ எடுத்து மாலை கட்டினார். தம்பி அப்பர் திரும்பி வந்த அதிகாலையிலும் திருவலகும் (துடைப்பம்) மெழுக்கும் கையில் எடுத்துக்கொண்டுதான் கோயிலுக்குக் கிளம்பினார். பிறகு அதே வேலையைத் தம்பியும் எடுத்துக்கொண்டார். அப்பர் கையில் உழவாரம், அதாவது புல் செதுக்கும் கருவி, இல்லாத சிலையைப் பார்க்க முடியாது.

உழவாரப் பணிக் குழுக்கள் இன்றும் பல ஊர்களில் இருக்கின்றன. அநேகமாக மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது பழைய கோயிலுக்குப் போய்ப் புல் செதுக்கி, விளக்குப் பிசுக்கு எடுத்து, பிராகாரம் கழுவி வருவார்கள். உங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் விசாரித்தால் சொல்வார்கள். மண்வெட்டி, கூடையெல்லாம் குழுவிடமே இருக்கும். பழைய உடுப்பு, தலைக்கு ஒரு துண்டு, தண்ணீர், கையுறை கொண்டு போங்கள், நெருஞ்சி இருக்கும். கோயிலுக்குள் செருப்பு போட முடியாது என்பதால் வெயில் ஏறுவதற்குள் வெளிப் பிராகாரத்தை முடித்துவிடப் பாருங்கள்.